பதினான்காவது வட்டு

மூலவட்டில் இன்னும் அதே வருஷம்தான்.
அதைப் போட்டு எழுப்பும் எந்தக் கணினியும்
எட்டு வருஷத்துக்கு முந்தைய காலையில் கண்விழிக்கும்,
நடந்தது எதுவும் தெரியாமல்
பூட்டாத அத்தனை கதவுகளோடும்.

அப்புறம் நூற்றுப் பன்னிரண்டு திருத்தங்கள்.
ஒவ்வொன்றாய் இறக்கி, ஒவ்வொன்றாய் ஏற்றி,
நடுநடுவே அணைந்து எழச் சொல்லி.
கடலூர் முதுநகர், மீனவர் கூட்டுறவுச் சங்கம்.
பதினொரு கணினி, ஒரே தொலைபேசிக் கம்பி,
பத்து முதல் பன்னிரண்டு மின்வெட்டு.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
நான் முடிப்பதற்குள் தடைக்காலம் முடிந்து
படகெல்லாம் கடலுக்குப் போயிருக்கும்.

எனவே திருத்தங்களை வட்டுக்குள்ளேயே கரைத்துவிடுவது.
பிறக்கும்போதே தழும்போடு பிறக்கட்டும்.

சொல்லச் சுலபம். வரிசை பிசகக்கூடாது.
பெரிய பொதி முதலில்.
மார்ச்சில் வந்த திருத்தத்தைத் திருத்த
ஜூனில் ஒன்று வந்திருக்கும்.
ஜூனுக்குப் பின்னால் மார்ச்சை விட்டால்
அடைத்த ஓட்டை மறுபடி வாய் திறக்கும்.
மஞ்சக்குப்பத்து மாடி அறையில்
ராத்திரி இரண்டு மணிக்கு
தேதிகளை நோட்டில் எழுதி அடித்து எழுதினேன்.

மூன்றாவது வட்டு
தொண்ணூற்று மூன்று சதவீதத்தில் கரண்டோடு போனது.
நான்காவது முழுசாய் எரிந்தது,
கணினிதான் அதை வட்டென்றே ஒப்புக்கொள்ளவில்லை.
துவக்கப் பகுதியை எடுத்து வைக்கவில்லை நான்.
வீட்டைக் கட்டி வாசல் விட மறந்த கொத்தன்.
ஏழாவதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

எழுநூறு எம்பிக்குள் அடங்க வேண்டும்.
வெட்டினேன்.
புல்மேடும் நீலவானமும் போச்சு.
வரவேற்பு இசை போச்சு.
நம் ஊருக்கு வரவே வராத பிரிண்டர்களின் டிரைவர்கள்,
சீட்டாட்டம்,
பிறகு 'சிக்கலான எழுத்துகள்' என்று ஒரு வரி.
யாருடையதோ என்று டிக்கை எடுத்தேன்.

ஒன்பதாவது அருமையான வட்டு.
முப்பது நிமிஷம். ஒரு கேள்வி கேட்கவில்லை.
கணக்காளர் அமலோற்பவம்
தடைக்கால நிவாரணப் பட்டியலைத் திறந்தார்.
படகு எண் சரி. தொகை சரி.
பெயர் இருந்த இடத்தில்
கட்டம் கட்டம் கட்டம்.
தகப்பன் பெயர்
கட்டம் கட்டம்.
"இதுல கலியவரதன் யாரு, செஞ்சிவேல் யாரு?
குப்பம் பூரா ஒரே ஆளு மாதிரி நிக்கிறாங்களே தம்பி."

அப்போதுதான் புரிந்தது
யார் சிக்கல் என்று.
பின்னால் ஒலித்தும் முன்னால் போய் உட்காரும் கொம்பு,
இரண்டு பக்கமும் கைபோட்டு நிற்கும் 'கோ'.
எங்களைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள்.
நானே எங்களைக் கழித்திருக்கிறேன்,
இடம் போதவில்லை என்று.

பதினான்காவதில் எல்லாரும் வந்துவிட்டார்கள்.
முந்நூற்று நாற்பது பெயர், தகப்பன் பெயரோடு.
அமலோற்பவம் மூக்குக்கண்ணாடியை ஏற்றி
மேலிருந்து கீழ்வரை விரலால் தொட்டுப் பார்த்தார்.
"எல்லாம் சரி. அந்தச் சீட்டாட்டம் எங்கே?"

வீணாய்ப்போன பதின்மூன்றையும்
கையெழுத்துப் போட வந்த அஞ்சலாட்சி
முந்தானையில் கட்டிக்கொண்டு போயிருந்தார்.
சோணாங்குப்பத்தில் பார்த்தேன்.
காயும் நெத்திலிக்கு மேலே நைலான் கயிறு,
அதில் வரிசையாய்
வாசல் இல்லாத ஒன்று, பெயர் இல்லாத ஒன்று,
பாதியில் கரண்டு போன ஒன்று.
காற்றில் திரும்பத் திரும்ப
வெயிலை எடுத்துக் காக்கைகள் மேல் வீசுகின்றன.
ஒரு காக்கை இறங்கவில்லை.

"மேற்கால இன்னும் ரெண்டு கட்டணும்.
தட்டு வருமா?"

நேற்று மாதத்தின் இரண்டாம் செவ்வாய்.
புதிதாய் ஒன்பது திருத்தம் வந்திருக்கிறது.
பையில் கிடக்கும் பதினான்கும் பழசு.

"வரும்" என்றேன்.